மேல்மூடி, கீழ்மூடி

மார்ச் 2

வாலு,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். முகவரி அம்மா கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "நான் குடுத்தேன்னு அவகிட்ட சொல்லாத" என்றாள். சொல்லிவிட்டேன். போன் செய்யலாம்தான். ஆனால் நீ எடுத்தால் இரண்டாவது வாக்கியத்தில் நான் கத்துவேன், மூன்றாவதில் நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் கத்தினால் வைக்க முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். சிடுமூஞ்சி எழுந்துவிட்டது. ஆமாம், நம் வண்டிதான். நசுங்கின முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, ஒரு கதவை மாற்றி, அதே கரும்பச்சைப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அதே இரண்டு இருக்கை, அதே முறைப்பு. நாலு வருடம் ஆனது எனக்கு. பகலெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு மாரடித்துவிட்டு, சாயங்காலம் ஷெட்டில் இவளோடு மல்லுக்கட்டினேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மலை ஓட்டம். அதே மலை, அதே பாதை. பெயர் கொடுத்துவிட்டேன்.

பின் அச்சின் நடுவில், எண்ணெய் ஊற்ற ஒரு மூடியும் வடிக்க ஒரு மூடியுமாக இருக்கும் டிஃபரன்ஷியலுக்குள் பல்சக்கரமெல்லாம் இப்போது புதிது. போட்டுக் கொடுத்த பட்டறைக்காரர், "கொஞ்ச தூரம் ஓட்டிட்டு ஆயில மாத்திடுங்கம்மா, புதுப் பல்லு தேயுற பொடியெல்லாம் அதுலதான் நிக்கும்" என்றார். ஓட்டிவிட்டேன். வளைவில் திருப்பும்போது லேசாக முனகுகிறது. வேறு யாரையும் அதைத் தொடவிட மனம் வரவில்லை. முன்னே எஞ்சின் எனக்கு, பின்னே அச்சு உனக்கு என்று பிரித்துக்கொண்டுதானே அந்த வண்டியைக் கட்டினோம்? அதனால் கேட்கிறேன். என்ன எண்ணெய், எவ்வளவு, எந்த வரிசையில். அவ்வளவுதான். கேட்க நாக்குக் கூசுகிறது, கேட்டுவிட்டேன்.

கேட்டதோடு நிறுத்தலாம். என்னால் முடியாது, உனக்கே தெரியும். ஓட்டத்துக்கு முந்தின சாயங்காலம் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து நீ என்ன சொன்னாய்? "மேல்மூடிய இறுக்கிட்டேன்க்கா, மிச்சம் உன் வேலை." என் காதால் கேட்டேன். ஜாக்கியை இறக்கினேன், சக்கர நட்டுகளைச் சரிபார்த்தேன், போய்ப் படுத்தேன். மறுநாள் மலை வளைவில் பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு தடுப்புச் சுவரில் போய் மோதினோம். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, பற்களெல்லாம் வெந்து நீலம் பாரித்துக் கிடந்தன. நீ இறுக்கிட்டேன் என்றாய், நான் நம்பினேன். ஆனால் உறவுக்காரர் வாயிலெல்லாம் நான்தான் கூடப்பிறந்தவள் காலை உடைத்தவள்.

இந்த முறை சிடுமூஞ்சி மலையேறி, இறங்கி, முழுசாக வீடு வந்து சேர வேண்டும். அதற்கு உன் பதில் வேண்டும்.

அக்கா

மார்ச் 11

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. இவர் கிழிக்க விடவில்லை என்பது வேறு விஷயம்.

முழங்கால் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. நானே சொல்கிறேன். மடங்காது. குத்துக்காலிட்டு உட்கார முடியாது, வண்டிக்கு அடியில் நுழைய முடியாது. பஸ் டிப்போ பட்டறையிலிருந்து என்னை எடுத்து உதிரிபாகக் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். யார் யாரோ மாட்டப்போகிற சாமானையெல்லாம் நாள் முழுக்க எடுத்து எடுத்து நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று நான் சொன்னதை எப்போதாவது மறுத்தேனா? சொன்னேன். நீ எழுதியிருப்பது எழுத்துக்கு எழுத்துச் சரி. அதைக் கேட்ட பிறகும் ஏன் எண்ணெய் ஊற்றவில்லை என்பதுதான் என் கேள்வி. மிச்சம் உன் வேலை என்றால் வேறு என்ன மிச்சம்? மாலை போடுவதா? சீல் உடைக்காத எண்ணெய் டப்பா ஷெட்டு வாசலிலேயே இருந்தது. அதைத் தாண்டித்தானே படுக்கப் போனாய்? மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். என் தலையில் கட்டினாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். கெட்டியான கியர் ஆயில் வாங்கு. உள்ளே கிளட்ச் தகடு இருக்கிற ரகம் இது, அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பாட்டில் விற்பான், அதையும் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது கடகடக்கும். மொத்தம் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். முதலில் வண்டியை ஒரு சுற்று ஓட்டி எண்ணெயைச் சூடாக்கு. நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்து. பின்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு வேலையை ஆரம்பிக்காதே, அளவு தப்பும்.

இனிமேல் சொல்வதை நன்றாகக் கேள். முதலில் கீழ்மூடியைத் திற. அது கழன்று உன் கைக்கு வந்த பிறகுதான் மேல்மூடியில் ஸ்பானரையே வைக்க வேண்டும். கீழ்மூடி அசையவில்லை என்றால் வேலையை அதோடு நிறுத்திவிடு. வரிசை மாறினால் வண்டிக்கு ஷெட்டிலேயே சமாதிதான். வடிந்து முடிந்து மூட வேண்டியதை மூடியதும் வழிய வழிய ஊற்று. ஊற்ற வேண்டும். இந்த முறை அந்தப் பகுதியை மறந்துவிடாதே.

மலை ஓட்டத்துக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் போகாதே.

மார்ச் 19

மகாராணி அவர்களுக்கு,

உத்தரவுப்படி செய்து முடித்தேன். நாளைக்கு "நான் சொன்னத நீ எங்க கேட்ட?" என்று நீ ஆரம்பிக்கக் கூடாது என்பதற்காகவே கடிதத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்தேன். முதலில் கீழ்மூடி என்று எழுதியிருந்தாய். நியாயப்படி மேலே இருப்பதைத்தானே முதலில் திறக்க வேண்டும் என்று என் புத்தி கேட்டது. அவள் கட்டின அச்சு, அவளுக்குத் தெரியாததா என்று புத்தியின் வாயை அடைத்தேன். கீழ்மூடியைத் திறந்தேன். சூடான எண்ணெய் முழங்கை வழியாக அக்குள்வரை ஓடியது. அழுகின முட்டை நாற்றம் தலைமுடியை விட்டு இன்னும் போகவில்லை. நேற்று ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

எல்லாம் வடிந்ததும் மேல்மூடிக்குப் போனேன். அசையவில்லை. துருவை இளக்கும் மருந்தை அடித்து ஊறவைத்தேன். ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டித் தொங்கிப் பார்த்தேன். மூடியின் முனைகள் மழுங்கினதுதான் மிச்சம். சூடு காட்டினேன், சுத்தியலால் தட்டினேன். பல் மாற்றினபோது மரை பிசகி ஏறியிருக்க வேண்டும், சிமெண்ட் வைத்துப் பூசின மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இருந்த எண்ணெய் முழுக்க வெளியே, புது எண்ணெய் ஊற்ற வேண்டிய வாசலோ பூட்டு.

இதைத்தானே நினைத்தாய்? மேலே இருக்கும் ஊற்றுகிற மூடி திறக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இருப்பதைத் தொட வேண்டும் என்று, டிரைவிங் ஸ்கூலில் நேற்றுச் சேர்ந்தவருக்குக்கூடச் சொன்னால் புரியும். வரிசை மாறினால் சமாதி என்று எழுதினவளே வரிசையை மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறாய். முழங்காலுக்குப் பழி வாங்க வேண்டுமென்றால் என் மூஞ்சிக்கு நேரே வந்து வாங்கியிருக்கலாம். வண்டி என்னடி பாவம் செய்தது?

நான் விடப்போவதில்லை. மேல்மூடி திறக்காவிட்டால் கீழ்த்துளை வழியாகவே குழாயை வைத்து எண்ணெயை ஏற்றி, எவ்வளவு போகிறதோ அவ்வளவோடு மூடிவிட்டு ஓட்டுவேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு சிடுமூஞ்சி அந்த மலையில் இருக்கும். நீ வானத்துக்கும் பூமிக்கும் குதி.

அக்கா

மார்ச் 24

முதலில் ஒன்று. வறண்டு கிடக்கிற வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதே. அரைகுறையாக ஏற்றிக்கொண்டு ஓட்டினால் பழையபடி பூட்டிக்கொள்ளும். பக்கத்து இருக்கையில் நான் இல்லை என்பதற்காக உன் எலும்பு இரும்பாகிவிடாது. என்மேல் என்ன கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும், இதை மட்டும் கேட்டுத் தொலை.

நீ எழுதியிருப்பது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கீழ்மூடியைத் திறந்தால் எண்ணெய் எப்படிக் கொட்டும்? அது ஊற்றுகிற மூடி. கொட்டாது என்பதால்தானே அதை முதலில் திறந்து பார்க்கச் சொன்னேன்? "எழுதறப்போ நீ மாத்தி எழுதிட்டியோ?" என்று இவர் கேட்டார். அந்த அச்சை நான் தூக்கத்தில்கூடப் பிரித்துப் பூட்டுவேன் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். பாவம், தட்டைக் கழுவப் போய்விட்டார்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. இரும்புப் பொடியைப் பிடிப்பதற்காக ஒரு மூடியின் உட்பக்கம் மட்டும் காந்தம் பதித்திருக்கும். அது நீ திறந்த மூடியிலா, திறக்காத மூடியிலா? அதை மேல்மூடி என்பாயா, கீழ்மூடி என்பாயா? கோபத்தில் எதையாவது எழுதாதே. பார்த்துவிட்டு எழுது.

மார்ச் 30

பார்த்தேன். காந்தம் நான் திறந்த மூடியில்தான் இருக்கிறது. கீழ்மூடியில். சாம்பல் நிறத்தில் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கீழ இருக்கறதுலதாம்மா காந்தம் வெப்பாங்க, பொடியெல்லாம் கீழதான எறங்கும்?" என்றார் பட்டறைக்காரர். உனக்குத் தெரியாததா இது?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னைக் கவிழ்க்க எழுதினவள் எழுதின மாதிரி இல்லை. ஓட்டாதே என்று நீ எழுதின இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அதனால்தான் எனக்கு இப்போது கோபத்தைவிடப் பயமாக இருக்கிறது. நீ ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாய்?

வண்டியை நகர்த்தவில்லை.

அக்கா

ஏப்ரல் 5

அக்கா,

உன் கடிதத்தைக் கவுண்டரிலேயே பிரித்தேன். காந்தம் கீழே என்று படித்ததும் எழுந்து உள்ளே போனேன். கிடங்கில் கழித்துப் போட்ட டிஃபரன்ஷியல் ஒன்று கிடந்தது. இரண்டு பேரைக் கூப்பிட்டு மேசைமேல் தூக்கி வைக்கச் சொன்னேன். நிமிர்த்தி வைத்தால் உருண்டு ஆடியது. "கவுத்து வெச்சாதான் நிக்கும்க்கா" என்று சொல்லிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கவுண்டரில் ஒருவர் மணியை அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

நம் ஷெட்டில் நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சினோடு ஒரு மூலையில் இருப்பாய். நான் மேசையில் அச்சோடு இருப்பேன். அங்கேயும் அது கவிழ்த்து வைத்தால்தான் நின்றது. கட்டி முடிக்கும்வரை தலைகீழாகவே வைத்து வேலை செய்தேன். அப்படி வைத்தால் எண்ணெய் வடிக்கிற மூடி உச்சியில் இருக்கும், ஊற்றுகிற மூடி அதற்குக் கீழே இருக்கும். மேல்மூடி, கீழ்மூடி என்று அப்போதே பெயர் வைத்துவிட்டேன். நிமிர்த்தி வண்டியில் மாட்டின பிறகும், அடியில் படுத்து அண்ணாந்து பார்த்தபோதும், எனக்கு அந்தப் பெயர் மாறவில்லை. இந்த வயதிலும் நீ என்னை வாலு என்றுதானே கூப்பிடுகிறாய்? அந்த மாதிரிதான். நீ அதைத் தலைகீழாகப் பார்த்ததே இல்லை. உனக்கு மேல் என்றால் மேல்.

அன்று நான், "மேல்மூடிய இறுக்கிட்டேன்க்கா, மிச்சம் உன் வேலை" என்றேன். வடிக்கிற மூடியை இறுக்கியாகிவிட்டது, இனி ஊற்றினால் ஒழுகாது, ஊற்றுவது உன் வேலை என்று சொன்னேன். நீ கேட்டது வேறு. ஊற்றுகிற மூடியை இறுக்கியாகிவிட்டது, அப்படியென்றால் எண்ணெய் ஊற்றி முடித்தாகிவிட்டது, மிச்சம் ஜாக்கியை இறக்குவதுதான் என்று கேட்டாய். தூசி விழக்கூடாது என்று ஊற்றுகிற மூடியையும் கையால் திருகி வைத்திருந்தேன். நீ குனிந்து பார்த்திருந்தாலும் இரண்டும் மூடித்தான் இருந்திருக்கும்.

நீ பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம், "அப்போ ரெண்டு பேர் மேலயும் தப்பே இல்லையா? அய்யோ, அது இன்னும் மோசமாச்சே" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் நீ தினமும் வந்து கதவுக்கு வெளியே நின்றது எனக்குத் தெரியும். நர்ஸிடம் "அவங்கள உள்ள விடாதீங்க" என்று சொன்னது நான்தான். உன் நிழல் கண்ணாடியில் தெரியும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

வாலு

ஏப்ரல் 12

வாலு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துப் படித்தேன். படித்துவிட்டு அங்கேயே கிடந்தேன். அம்மா ஷெட்டுக்கு வந்து என் காலைத் தட்டி, "உசுரோட இருக்கியா?" என்று கேட்டாள்.

நம் இரண்டு பேரில் ஒருத்தி பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். திட்டவோ மன்னிக்கவோ ஓர் ஆள் கிடைத்திருப்பாள். இப்போது எனக்குத் திட்ட ஆளில்லை. பட்டறைக்காரரைத் திட்டினேன். "நான் என்னம்மா பண்ணேன்?" என்றார் மனிதர். அந்த சீல் உடைக்காத டப்பாவை நான் பார்க்காமல் இல்லை. நீ எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குகிறவள், இது மிச்ச டப்பா என்று நினைத்தேன். காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனேன். என் காலால், வாலு. ஒரு வார்த்தை, "இது எதுக்குடி?" என்று கேட்டிருக்கலாம்.

மூடி திறந்துவிட்டது. மழுங்கின தலைமேல் ஒரு பெரிய நட்டை வெல்டு வைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் பட்டறைக்காரர் திருப்பினார். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது, எனக்கும் உயிர் வந்தது. புது மூடி வாங்கியாயிற்று. வடிக்கிற துளையை மூடி இறுக்கியாயிற்று. எண்ணெயும் நீ சொன்ன சின்னப் பாட்டிலும் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஊற்றவில்லை. கை வரவில்லை.

என் காதுமேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஓட்டக் கற்றுக்கொள்கிறவர், "திருப்பட்டுமா மேடம்?" என்றால், "எந்தப் பக்கம்னு கைய நீட்டிக் காட்டுங்க" என்கிறேன். அதனால் நீ வா. நீயே ஊற்று, வழிவதை உன் கண்ணால் பார், உன் கையால் மூடு. அதற்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். நீ வராவிட்டால் இந்த வருடம் ஓட்டம் இல்லை, அநேகமாக எந்த வருடமும் இல்லை. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. கெஞ்சுகிறேன்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நேரக்கணக்குப் பார்க்க யாரையும் இன்னும் ஏற்பாடு செய்யவில்லை. அதை உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை.

முழங்கால் குளிரில் வலிக்கிறதா?

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

வலிக்கிறது. மாடிப்படி இறங்கும்போது இன்னும் மோசம்.

வருகிறேன். ஆனால் எண்ணெய் ஊற்ற வரவில்லை.

நான் வந்து ஊற்றினால் வண்டி சரியாகிவிடும், நாம் சரியாக மாட்டோம். அதற்கப்புறம் நீ அடுப்பை அணைத்தேன் என்று சொன்னாலும் நான் எழுந்துபோய்ப் பார்ப்பேன். நான் கதவைப் பூட்டினேன் என்றால் நீ இழுத்துப் பார்ப்பாய். ஒருத்தி செய்ததை இன்னொருத்தி சரிபார்த்துச் சரிபார்த்தே நமக்குக் கிழடு தட்டிவிடும். எனக்கு அப்படி ஓர் அக்கா வேண்டாம்.

நீயே ஊற்று. ஊற்றிவிட்டு ஊற்றிவிட்டேன் என்று எனக்கு எழுது. மேல் என்றும் கீழ் என்றும் எதையும் எழுதாதே, அந்த இரண்டு வார்த்தையும் இனி நமக்குள் வேண்டாம். காலி டப்பாவைக் காட்டாதே. பட்டறைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. நான் குனிந்து பார்க்க மாட்டேன், யாரையும் பார்க்கச் சொல்லவும் மாட்டேன். நேராக வந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருவேன். காலை நீட்ட இடம் வேண்டும், இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி வை.

பயமில்லை என்று நினைத்துவிடாதே. அந்த வளைவு கனவில் வரும்போதெல்லாம் நான் கதவின் கைப்பிடியைத் தேடிக்கொண்டு எழுந்திருக்கிறேன். "ஒரே ஒரு தடவ செக் பண்ணிட்டு ஏறேன், என்ன கொறஞ்சிடும்?" என்று இவர் கெஞ்சிப் பார்த்தார். முடியாது என்றேன். இப்போது என் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருக்கிறார். மடிப்பதெல்லாம் கோணல்மாணலாக இருக்கிறது.

ஓட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை பஸ். அதற்குள் உன் கடிதம் வந்து சேர வேண்டும். வராவிட்டால் ஏற மாட்டேன்.

வாலு

ஏப்ரல் 21

வாலு,

ஊற்றிவிட்டேன்.

அக்கா